பெட்டிக்கு இரண்டு நொடி

காலை ஆறே கால் மணிக்கு அவள் சமையலறை வாசலில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் சுடுதண்ணீர் வாளிக்குள் விட்டிருந்தாள். கணுக்கால் எங்கே முடிகிறது, பாதம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி வீங்கிப் போயிருந்தது. அடுப்பில் பால் பொங்கப் போகிறது. எழுந்து போய் அணைக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் அந்தச் சூட்டை விட்டுக் காலை எடுக்க மனமில்லை.

"எந்தப் படுபாவி எழுதிப் போட்டானோ!" என்று ஆரம்பித்தாள். "உட்கார்ற ஸ்டூலைப் பிடுங்கிட்டா வேலை சீக்கிரம் நடக்கும்னு ஒருத்தனுக்குத் தோணியிருக்கு பாருங்க. அவன் வீட்டுல பொம்பளைங்களே கிடையாதா?"

கண்ணாடி முன் முகம் மழித்துக்கொண்டிருந்த அவள் கணவன் தாடையில் லேசாக வெட்டிக்கொண்டான்.

"மூணு வாரமா இதே பாட்டா? விடேன்" என்றான்.

"எப்படி விடறது? எட்டு மணி நேரம் நின்னு பாருங்க, தெரியும். அந்த ஆளு மட்டும் என் கையில கிடைக்கட்டும், இந்த வாளித் தண்ணியை அப்படியே தலையில கொட்டறேன்."

அவன் ஓடிப்போய்ப் பாலை இறக்கி வைத்தான். இந்த மூன்று வாரமாக வீட்டு வேலையில் அவன் காட்டும் ஆர்வம் அவளுக்கே புதிராக இருந்தது. பாத்திரம் கழுவுகிறான், துணி காயப் போடுகிறான், கேட்காமலே கடைக்குப் போகிறான். மனுஷன் திருந்திவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். குற்றமுள்ள நெஞ்சு வேலை செய்கிறது என்று அவளுக்கு யார் சொல்வது?

தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் ஒரு சார்ட் தாளில் படங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பொது அறிவுப் பாடத்துக்கான வேலை. 'உலகின் பத்துப் பெரும் பணக்காரர்கள்' என்று மேலே சிவப்பில் எழுதியிருந்தது. கீழே நான்கு கட்டங்கள்: இடம், பெயர், தொழில், செல்வம் வந்த வழி.

"அப்பா, உங்க முதலாளி மூணாவது இடம். செல்வம் வந்த வழின்னா என்ன எழுதறது?"

அவன் முகம் மலர்ந்தது. சோப்பு நுரையைத் துடைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "உழைப்புன்னு எழுது. நல்லா பெரிசா எழுது. அவரு வாடகைக்கு எடுத்த ஒரு தகர ஷெட்டுல ஆரம்பிச்சவரு. இன்னைக்கும் நாலு மணிக்கு எழுந்திருக்கிறாரு, தெரியுமா?"

"நான்கூடத்தான் நாலரைக்கு எழுந்திருக்கறேன்" என்றாள் அவள் வாளிக்குள்ளிருந்து காலை எடுத்தபடி. "எனக்கு எத்தனாவது இடம்னு பாரு, பாப்பா."

மகள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. மகள் நீல ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, மூன்றாம் இடத்துக்காரரின் கட்டத்தில் 'உழைப்பு' என்று அழகாக எழுதினாள்.

அவனும் அவளும் வேலை பார்ப்பது அந்த மூன்றாம் இடத்துக்காரரின் கிடங்கு ஒன்றில்தான். வீட்டிலிருந்தபடியே போனில் எதையாவது தட்டி வாங்குகிறோமே, அந்தச் சாமானெல்லாம் கிளம்புகிற இடம். கால்பந்து மைதானம் பத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிடலாம், அவ்வளவு பெரிசு. அவன் வேலை, கையிலிருக்கும் ஸ்கேனர் சொல்கிற அலமாரிக்கு ஓடி, சாமானை எடுத்துத் தள்ளுவண்டியில் போடுவது. அவள் வேலை, வந்த சாமானை அட்டைப்பெட்டியில் அடைத்து, டேப் ஒட்டி, முகவரிச் சீட்டு ஒட்டி, முதுகுக்குப் பின்னால் ஓடும் பெல்ட்டில் ஏற்றிவிடுவது.

அவனுக்குக் கிடங்கில் 'மின்னல்' என்று பெயர். அவனைப்போல ஓட ஆள் இல்லை. ஷிப்டு தொடங்கினால் தண்ணீரே குடிக்கமாட்டான். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், போனால் நேரம் போகும். போன வருஷம் அதற்காக ஒரு பரிசு கொடுத்தார்கள். முதலாளியே எழுதிய புத்தகம், அவர் கையெழுத்துடன். அந்தக் கையெழுத்து அச்சடித்தது என்பதைக்கூட அவன் கவனிக்கவில்லை. அன்று பிடித்தது இந்தப் பைத்தியம். முதலாளி பச்சைத் தண்ணீரில் குளிப்பாராம், இவனும் குளித்து ஜலதோஷம் பிடித்துக்கொண்டான். 'சம்பளக்காரனாக யோசிக்காதே, முதலாளியாக யோசி' என்று அதில் ஒரு வரி. அதை எழுதி வீட்டு அலமாரிக் கதவில் ஒட்டினான். சம்பளக்காரன் முதலாளியாக யோசித்தால் லாபம் யாருக்கு என்று புத்தகத்தில் எங்கும் போடவில்லை, இவனும் கேட்கவில்லை.

ஸ்டூல் போவதற்கு முன்பே அவளுக்கு ஒரு சிவப்புச் சீட்டு வந்திருந்தது. பாக்கிங் மேசையில் மணிக்கு எண்பது பெட்டி முடிக்க வேண்டும் என்று கணக்கு. அவளுக்கு எழுபத்தேழுக்கு மேல் ஓடவில்லை. மூன்று சிவப்புச் சீட்டு வாங்கினால் அன்றைக்கே வாசலைப் பார்த்து நடக்க வேண்டியதுதான். இருவர் சம்பளத்தில் ஓடுகிற குடும்பம் அது. அவனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் தன் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு, ஒரு தூணுக்குப் பின்னால் நின்று அவள் வேலை செய்வதைக் கவனித்தான். ஸ்டூலில் உட்கார்ந்து பெட்டியை நிரப்புகிறாள். டேப் ஒட்டுகிறாள். எழுந்து திரும்பி பெல்ட்டில் வைக்கிறாள். மறுபடி உட்காருகிறாள். போனில் நேரம் பார்த்தான். உட்கார்ந்து எழுவதில் பெட்டிக்கு இரண்டு நொடி போகிறது! அந்த இரண்டு நொடி மிச்சமானால் அவள் எண்பதைத் தாண்டிவிடுவாள். சிவப்புச் சீட்டுப் பயம் போய்விடும்.

அவளிடம் சொல்லியிருக்கலாம். 'நின்னுக்கிட்டே செய்' என்று சொன்னால் சண்டைக்கு வருவாள் என்று பயந்தான். அதனால் ஒரு தாளை எடுத்து, 'பாக்கிங் பகுதியில் ஸ்டூல்களை நீக்கினால் பெட்டிக்கு இரண்டு நொடி மிச்சமாகும்' என்று எழுதி, வாசலருகே தொங்கும் யோசனைப் பெட்டியில் போட்டான். முதலாளியாக யோசித்துவிட்டோம் என்று அவனுக்கு அன்று ஒரே பெருமை.

இரண்டாம் நாள் காலை ஸ்டூல்கள் போயிருந்தன. அது அவன் எதிர்பார்த்தது. எதிர்பாராதது, மேசைக்கு மேலே மின்னிய இலக்கு எண். எண்பது என்று இருந்தது எண்பத்து நான்கு ஆகியிருந்தது. உட்காராததால் மிச்சமான இரண்டு நொடியையும் கம்ப்யூட்டர் அப்படியே எடுத்துக்கொண்டு, அதற்கும் சேர்த்துப் பெட்டி கேட்டது. அவள் நின்றபடி எண்பதை முடித்தாள். முடித்தும் இரண்டாவது சிவப்புச் சீட்டு வந்தது.

இப்போது சொல்லுங்கள், இவனை என்ன செய்யலாம்? கெட்டவன் இல்லை. மனைவிமேல் பாசம் இல்லாதவனும் இல்லை. பாசத்தோடுதான் அவள் காலை உடைத்திருக்கிறான்.

மகள் சார்ட் ஒட்டிய அன்று மத்தியானம் கேன்டீன் டிவியில் செய்தி வந்தது. உலகப் பணக்காரர் பட்டியலில் முதலாளி ஐந்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு ஏறிய கொண்டாட்டம். மகளுக்குப் பள்ளியில் அந்தச் சார்ட் வேலை வந்ததே இந்தப் பட்டியலால்தான். கிடங்கில் ஆளுக்கொரு துண்டு கேக் கொடுத்தார்கள். சோப்புத் துண்டு அளவு. 'தொலைநோக்கு, எளிமை, ஓயாத உழைப்பு' என்று டிவியில் ஒரு பெண் அடுக்கிக்கொண்டே போனாள். பலரும் கை தட்டினார்கள். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது மின்னல்தான்.

பாக்கிங்கில் அவளுக்கு எதிர் மேசைக்காரிக்கு 'ரேடியோ' என்று பெயர், வாய் மூடாது. "மூணாவது இடத்துக்கே இந்தத் துண்டுன்னா, முதல் இடத்துக்கு வந்தா க்ரீம் மட்டும் நக்கக் குடுப்பாங்களோ?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சூப்பர்வைசர் வந்து அவன் தோளைத் தட்டினார். "மின்னல்! வெள்ளிக்கிழமை விழா. இந்த வருஷத்துச் சிறந்த யோசனை உன்னோடதுதான். முதலாளியே திரையில வந்து பேசப் போறாரு."

வாயிலிருந்த கேக்கை அவன் அவசரமாக விழுங்கினான். "சார், பேரு மட்டும் சொல்ல வேண்டாம் சார்."

"ஏன்?"

"வேண்டாம் சார். பரிசு வேணா பின்னால குடுங்க. பேரு வேண்டாம்."

"என்ன அடக்கம்யா உனக்கு!" என்று அவர் உருகிப் போனார். "அப்படியே முதலாளி குணம். இதுக்காகவே மேடையில ஏத்தறேன் பாரு."

வெள்ளிக்கிழமை கிடங்கின் நடுவில் மேடை போட்டார்கள். வேலையை இருபது நிமிடத்துக்கு நிறுத்தி வைத்திருந்தார்கள். எல்லோரும் நின்றார்கள். பெரிய திரையில் முதலாளி வந்தார். சாதாரண பனியன் போட்டுக்கொண்டு, உயரமான முதுகுள்ள ஒரு சுழல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பின்னால் கடல் தெரிந்தது.

"என் குடும்பத்தினரே!" என்றார். "ஒரு சின்ன யோசனை எவ்வளவு பெரியது என்று இன்று சொல்லப் போகிறேன். உங்களில் ஒருவர், பாக்கிங் பகுதியில் ஸ்டூல் தேவையில்லை என்று எழுதினார். பெட்டிக்கு இரண்டு நொடி. அதை உலகம் முழுவதும் உள்ள நம் நூற்று நாற்பது கிடங்குகளிலும் கொண்டுவருகிறோம். எங்கள் கணக்குப்படி, ஒரு நாளைக்கு இரண்டாயிரம் பேர் செய்யும் வேலை நமக்கு மிச்சம்!"

கைதட்டல் எழுந்தது, பிறகு பாதியில் தயங்கியது. "மிச்சம்னா?" என்று ரேடியோ பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள். "அந்த ரெண்டாயிரம் பேரு யாருடி? நம்மளையா சொல்றாரு?"

"அந்த முதலாளி மனம் படைத்தவரை மேடைக்கு அழைக்கிறேன்" என்றது திரை. சூப்பர்வைசர் அவனைக் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினார். அவன் மேடையில் நின்று கீழே பார்த்தான். முன்னூறு தலைகள் இருந்தும், அவன் கண்ணுக்கு ஒருத்திதான் தெரிந்தாள். ஒரு காலில் பாரத்தைப் போட்டு, மற்றதைச் சற்றுத் தூக்கி, மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள். காலை மாற்றுவதைக்கூட நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள்.

பரிசைத் துணி விலக்கிக் காட்டினார்கள். முதலாளி உட்கார்ந்திருக்கும் அதே மாதிரி சுழல் நாற்காலி. முதுகில் அவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. ஸ்டூலைப் பிடுங்கச் சொன்னவனுக்கு நாற்காலி பரிசு! இதை யோசித்தவர்களுக்கு இதில் ஒன்றும் உறுத்தவில்லை. உட்காருவது யாருக்கு, நிற்பது யாருக்கு என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை.

நாற்காலி கம்பெனி வண்டியிலேயே வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வீட்டின் ஒரே அறையில் பாதியை அடைத்துக்கொண்டது. மகள் ஏறி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்து இறங்கிவிட்டாள்.

அவள் வழக்கம்போல வாளியில் தண்ணீர் எடுத்து வந்து, நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய், வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"அதுல உட்காரேன்" என்றான் அவன்.

"மூணு வாரம்" என்றாள் அவள். "மூணு வாரமா உங்க முன்னாடியே உட்கார்ந்து திட்டினேன். ஒரு வார்த்தை சொன்னீங்களா? நான்தான்னு ஒரு வார்த்தை?"

"உனக்காகத்தான் எழுதினேன். நீ எண்பதைத் தாண்டிடுவேன்னு..."

"எனக்காகவா? என் காலு வலிக்குதான்னு என்கிட்ட கேட்டீங்களா? தூணுக்குப் பின்னாடி நின்னு நேரம் பார்த்தீங்களாமே, நீங்களே சொன்னதா சூப்பர்வைசர் மைக்ல சொல்றாரு. அதுக்குன்னே சம்பளம் வாங்குற அவருகூட எங்களை அப்படி ஒளிஞ்சு நின்னு பார்த்ததில்ல."

"எண்ணை ஏத்துவாங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

"ஏன் நினைக்கல? அவரு புஸ்தகத்தை ஆறு தடவை படிச்சீங்க. அவரு எப்படி எழுந்திருக்கிறாரு, எப்படிக் குளிக்கிறாரு, எல்லாம் மனப்பாடம். அவருக்கு எங்கேயிருந்து இவ்வளவு வந்துச்சுன்னு அதுல தேடித் தேடிப் பார்த்தீங்க. இங்க பாருங்க." வாளியிலிருந்து ஒரு காலைத் தூக்கிக் காட்டினாள். தண்ணீர் சொட்டியது. "இங்கேயிருந்துதான் வந்துச்சு. நீங்களே எடுத்துக் குடுத்தீங்க."

அவள் வாளித் தண்ணீரை அவன் தலையில் கொட்டவில்லை. கொட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை அவன் நேராகச் சூப்பர்வைசர் அறைக்குப் போனான். "சார், அந்த யோசனையை நான் திரும்ப எடுத்துக்கறேன்."

அவர் முதலில் சிரித்தார். அவன் சிரிக்காததைப் பார்த்து ஒரு தாளைத் தேடி எடுத்தார். யோசனை எழுதும் அதே தாள்தான். அடியில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் ஒரு வரி இருந்தது: பெட்டியில் இடப்படும் யோசனைகள் யாவும் நிறுவனத்தின் சொத்து.

"குடுக்கறதுக்கு ஃபாரம் இருக்கு. திரும்ப வாங்கறதுக்கு ஃபாரம் இல்லப்பா" என்றார்.

"அப்ப அந்த எண்பத்து நாலையாவது குறைங்க சார். அவளுக்கு ரெண்டு சீட்டு ஆயிடுச்சு."

"அது கம்ப்யூட்டர் போடறது. ஏறும். இறங்கி நான் பார்த்ததில்ல."

மத்தியானம் இன்னொரு தாள் எழுதிப் போட்டான்: ஸ்டூல்களைத் திரும்பப் போடவும். மறுநாள் பதில் வந்தது: இந்தப் பொருள் ஏற்கெனவே பரிசீலிக்கப்பட்டு முடிந்தது. வேறு ஊரில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தான். ஒரு குரல், அவனுடைய அழைப்பு முக்கியமானது என்று பதினேழு நிமிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. பதினெட்டாம் நிமிடம் அழைப்பு அறுந்தது. அவனுக்கு மண்டை காய்ந்தது. ஒரு தாளில் ஒரு வரி எழுதி நூற்று நாற்பது கிடங்குகளில் ஸ்டூலைப் பிடுங்க முடிந்தவனால், ஒரே ஒரு ஸ்டூலை ஒரே ஒருத்திக்குத் திரும்ப வாங்கித் தர முடியவில்லை.

வீட்டில் அவள் பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். நாற்காலிமேல் துவைத்த துணிகளைக் குவித்து வைத்தாள். கால் வலியில், புதன்கிழமை மேசைமேல் அவளுடைய எண் எழுபத்தெட்டில் நின்றது. வெள்ளிக்கிழமை மாதக் கணக்கு எடுப்பார்கள், குறைந்தால் மூன்றாவது சீட்டு.

வியாழக்கிழமை காலை அவள் பஸ்ஸில் முன்னால் போய்விட்டாள். அவன் நாற்காலியிலிருந்த துணிகளை மடித்துக் கட்டிலில் வைத்தான். நாற்காலியைத் தெருவில் இறக்கினான். பஸ் கண்டக்டர் ஏற்றமாட்டேன் என்றார். தள்ளிக்கொண்டே நடந்தான். ஒரு சக்கரம் கீச்சுக் கீச்சென்று கத்தியது. போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "உட்கார்ந்துக்கோங்க அண்ணே, நான் தள்ளறேன்" என்று ஒரு சைக்கிள்காரர் கிண்டல் செய்தார். அவன் நிமிரவில்லை. மூன்று கிலோமீட்டர். மின்னல் என்று பெயர் வாங்கியவன் வாழ்க்கையில் முதல்முறையாக வேலைக்குத் தாமதமாகப் போனான்.

"வெளிச் சாமான் உள்ள போகக் கூடாது" என்றார் வாசல் காவலாளி.

"இது உள்ளேயிருந்துதான் வெளிய வந்துச்சு. தகட்டைப் பாருங்க, முதலாளி பேரு."

காவலாளி தகட்டைப் பார்த்தார். அந்தப் பெயருக்கு அவர் கை தானாகவே சலாம் வைத்தது. கதவு திறந்தது.

பாக்கிங் பகுதியில் கீச்சுச் சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள். அவன் நாற்காலியை அவள் மேசைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, பக்கத்துக் குமிழை அழுத்தி, மேசை உயரத்துக்கு ஏற்றினான்.

"உட்காரு."

"உங்களுக்கு என்ன கிறுக்கா? சீட்டு குடுத்துடுவாங்க."

"நாளைக்கு எப்படியும் குடுக்கத்தான் போறாங்க. உட்காரு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் வியர்வையும், அதைவிட அதிகமாக வெட்கமும் இருந்தது. கையிலிருந்த டேப்பை மேசைமேல் வைத்தாள். உட்கார்ந்தாள். ஏறக்குறைய நான்கு வாரத்துக்குப் பிறகு, வேலை நேரத்தில், முதுகைச் சாய்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். எதிரில் ரேடியோ பேச்சை நிறுத்தினாள். அது யாரும் பார்த்திராத அதிசயம். ஒவ்வொரு மேசையாகக் கை நின்றது. வந்த சாமான்கள் குவிய ஆரம்பித்தன. காலிப் பெல்ட் சற்று ஓடிவிட்டுத் தானாக நின்றது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "என்ன இது? வேலை நேரத்துல பாக்கிங்ல உட்காரக் கூடாதுன்னு விதி இருக்குல்ல?"

"அந்த விதியை எழுதினவனே நான்தான் சார்" என்றான் அவன். "நான் எழுதினது தப்பு. எல்லாரு முன்னாடியும் சொல்றேன், தப்பு."

"எழுதினது நீதான். இப்ப அது உன்னோடது இல்ல."

"சரி சார், ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். அந்த ரெண்டு நொடி எங்க போச்சு? அவகிட்டயிருந்து எடுத்தாச்சு. அவளுக்கு வரல. எனக்கு வரல. உங்களுக்கு வந்துச்சா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "எனக்கும் வரலப்பா" என்றார். அது அவருக்கே அப்போதுதான் தெரிந்ததுபோல் இருந்தது. பிறகு மேலே இருந்த காமிராவைப் பார்த்துக்கொண்டு, சத்தமாக, "விதின்னா விதிதான்" என்று சட்டைப் பையிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்தார். அவனுக்கு ஒன்று கிழித்தார். அவளுக்கு ஒன்று. அவளுக்கு அது மூன்றாவது.

அவள் அதை உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டாள்.

எல்லோரும் திரண்டு எழுந்தார்கள், கிடங்கே நின்றுபோயிற்று என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பெல்ட் பதினோரு நிமிடம் நின்றது, அவ்வளவுதான். அவரவர் வீட்டில் அவரவருக்கு அடுப்பு இருக்கிறது. ரேடியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு டேப்பை எடுத்தாள். காவலாளி, வேலை போனவளை வாசல்வரை கொண்டு போய் விட்டார். நாற்காலியைச் சூப்பர்வைசர் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோது அவள் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். காலையில் அவன் மடித்து வைத்த துணிகள் அலமாரிக்குப் போயிருந்தன. அதன் கதவில் ஒட்டியிருந்த 'முதலாளியாக யோசி' தாளை அவன் கிழித்துச் சுருட்டிப் போட்டான்.

"ரேடியோ போன் பண்ணினா" என்றாள் அவள். ஆறு நாளுக்குப் பிறகு அவளாகப் பேசிய முதல் பேச்சு. "யோசனைப் பெட்டியில இன்னைக்கு இருபத்திரண்டு பேரு சீட்டு எழுதிப் போட்டாங்களாம். ஸ்டூல் வேணும்னு."

"படிப்பாங்களா?"

"தெரியல. ஆனா எழுதியிருக்காங்க."

"உன் வேலை போச்சே."

"போச்சு. நாளையிலேருந்து தேடணும். அந்த பேக்கரியில ஆள் கேட்டாங்க, அங்கயும் நிக்கத்தான் சொல்வாங்களோ என்னவோ." கசப்பாகச் சிரித்தாள். "நீங்க நாளைக்கு வேலைக்குப் போனதும் தண்ணி குடிங்க. முதல்ல அதைச் செய்ங்க."

மகள் பள்ளிப் பையிலிருந்து சார்ட்டை எடுத்து விரித்தாள். "பத்துக்குப் பத்து!" ஆசிரியை ஓரத்தில் 'மிக நன்று' என்று எழுதியிருந்தார். மூன்றாம் இடத்துக்காரர் படத்திலிருந்து சிரித்தார். எதிர்க் கட்டத்தில், நீலத்தில், 'உழைப்பு'.

அவன் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மகளின் பேனாவை எடுத்து, அதை அடிக்கக் கோடு போடப் போனான்.

"அடிக்காதீங்க" என்றாள் அவள், கட்டிலிலிருந்து எழுந்து வந்து. "அது தப்பில்ல. உழைப்புலதான் வந்துச்சு. யாரோட உழைப்புன்னு எழுதல பாருங்க, அதுதான் தப்பு."

"அம்மா, மார்க் போட்டாச்சு, எதையும் எழுதக் கூடாது" என்றாள் மகள் பதறிப் போய். "டீச்சர் பார்த்தா குறைச்சுடுவாங்க."

"குறைச்சா குறைக்கட்டும். இதைக் கேட்டுக்க பாப்பா. ஒருத்தரு தனியா அவ்வளவு உழைக்க முடியாது, ஒரு நாளைக்கு இருபத்து நாலு மணி நேரம்தான் அவருக்கும். யாராவது மலை மாதிரி குவிச்சு வெச்சிருக்காருன்னா, எத்தனை பேருகிட்டயிருந்து எத்தனை நொடி எடுத்தாருன்னு முதல்ல கேளு. கேட்காம கை தட்டாதே. கேட்காம அவருக்கு யோசனையும் சொல்லாதே. உங்கப்பா ரெண்டும் செஞ்சாரு."

அவன் தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டான். கட்டத்தில் அந்தச் சொல்லுக்கு முன்னால் மூன்று விரல் அகலம் இடம் இருந்தது. பேனாவை வைத்து, அந்த இடத்தில் 'அம்மாவின்' என்று எழுதினான்.